கேட்டவர் கடனாளி ஆவாரா?

தமிழிலக்கணம் பயின்றோர் அனைவரும் வினாவின் வகைகளை ஒருமுறையேனும் மனனம் செய்திருப்பர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பகுத்தார். தான் அறிந்ததை மாணவன் அறிந்துள்ளானா எனச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. அறியாத ஒன்றை அறிந்துகொள்ள மாணவன் கேட்பது அறியா வினா. ஒரு பொருளை வாங்கக் கருதி வணிகரிடம் அஃது உண்டா எனக் கேட்பது கொளல் வினா. எஞ்சியவை ஐயம், கொடை, ஏவல் என்பன. தேர்வுக்கு முதல் நாள் உருப்போட்டு மறுநாளே மறந்துவிடப்படும் இப்பாகுபாட்டுக்குள் ஓர் அறநெறிச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒருவர் அறியா வினாவாகக் கேட்டதை மற்றொருவர் கொளல் வினாவாக எடுத்துக்கொண்டால் தவறு யாருடையது? கேட்டுவிட்ட காரணத்தினாலேயே கேட்டவர் எதற்கேனும் கடமைப்பட்டவர் ஆகிறாரா?

எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இச்சிக்கல் ஏட்டை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கெடா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் அத்தகைய குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தந்தை தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பணிபுரிகிறார். மூத்த மகள் தாதியர் பயிற்சியில் சேர விரும்புகிறாள். 1996ஆம் ஆண்டில் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் இத்தகைய பயிற்சிகளை நடத்தும் கல்லூரிகள் நாட்டில் பெருகிவிட்டன. அம்மகள் இணையத்தில் ஒரு கல்லூரியின் விளக்கச் சிற்றேட்டைக் கேட்கிறாள். கட்டணம் எவ்வளவு, தங்கும் விடுதி உண்டா, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில் என்னும் மூன்று செய்திகளே அவளுக்கு வேண்டியவை. சிற்றேட்டைப் பெறுவதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கப்படுகின்றன; கொடுக்கிறாள். தன் எண்ணோடு தாயின் எண்ணையும் கொடுக்கிறாள்.

சிற்றேடு வருகிறது. அதில் கட்டணம் இல்லை. 'மேல்விவரங்களுக்கு எம் கல்வி ஆலோசகர் உங்களை அழைப்பார்' என்னும் வரிதான் இருக்கிறது. அவர் அழைக்கிறார். மறுநாளும் அழைக்கிறார். அதற்கு அடுத்த நாள் வேறோர் எண்ணிலிருந்து வேறொருவர் அழைக்கிறார். சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடைவேளை நேரத்தில் ஓர் அழைப்பு. இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது ஓர் அழைப்பு. "ஆண்ட்டி, இன்னும் சில இடங்கள்தான் இருக்கு. தங்கச்சிக்காகத்தான் ஒன்று வைத்திருக்கிறேன். பதிவுக் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுங்கள்" என்கிறது அக்குரல். பார்த்தறியாத இளைஞர், இரண்டாம் அழைப்பிலேயே உறவுமுறை கொண்டாடிவிடுகிறார். உறவுச்சொல் தமிழரிடம் வலிமை மிக்கது. அந்நியரை மறுப்பது எளிது, 'ஆண்ட்டி' என்றழைத்த பிள்ளையை மறுப்பது அரிது. அஃது அவருக்கும் தெரியும். அவருக்குப் பயிற்சி அளித்தவர்க்கும் தெரியும்.

தாய் மறுக்கத்தான் செய்கிறார். ஆனால் எப்படி மறுக்கிறார் என்பதைக் காண வேண்டும். "இந்த மாதம் மாமியாரின் மருத்துவச் செலவு வந்துவிட்டது தம்பி" என்கிறார் ஒருநாள். "அவளை அவ்வளவு தூரம் அனுப்பினால் அவள் அப்பா கோபிப்பார்" என்கிறார் மற்றொரு நாள். "அவள் அரசாங்கக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறாள்" என்பது பிறிதொரு நாளைய விடை. இம்மூன்றையும் நன்னூலார் அறிவார். உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என அவர் பெயரிட்டவை இவையே. விடையை எட்டாகப் பகுத்த அவர் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றை வெளிப்படையாகவும் ஏனைய ஐந்தைக் குறிப்பாகவும் விடையுணர்த்துவனவாகக் கொண்டார். 'விளையாடுவாயா?' என்றதற்குக் 'கால் வலிக்கும்' என்று சொன்னால் அதுவும் விடையே. கேட்டவர் 'மாட்டேன்' என்பதை அதிலிருந்து உணர்ந்துகொள்ள வேண்டும். நேரே மறுத்துப் பிறர் முகம் வாடச் செய்யாமல், மறுப்பை ஒரு செய்திக்குள் வைத்துக் கொடுப்பதும், கேட்டவர் அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு மேலும் வற்புறுத்தாமல் விலகுவதும் தமிழ்ச் சமுதாயத்தின் பழைய நாகரிகம். குறிப்பறிதல் என்னும் தலைப்பில் வள்ளுவர் ஒன்றுக்கு இரண்டு அதிகாரங்கள் இயற்றினார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவைக்கும் காதலுக்கும் அவ்வறிவு ஒருங்கே தேவைப்பட்டது போலும்.

தொலைபேசி வணிகத்தில் நடப்பது அதற்கு நேர்மாறானது. அங்கே குறிப்பை உணராமல் இருப்பதற்கே சம்பளம் தரப்படுகிறது. மருத்துவச் செலவு என்றால் "பிடிபிடிஎன் கடன் உண்டு ஆண்ட்டி", அப்பா கோபிப்பார் என்றால் "அப்பாவிடம் நானே பேசுகிறேன்", அரசாங்கக் கல்லூரி என்றால் "அங்கே இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுமொழி தாளில் எழுதி அவர் முன் வைக்கப்பட்டிருக்கிறது. தாய் மறுப்பாகச் சொன்னது, அவர் செவியில் தீர்க்க வேண்டிய தடையாக விழுகிறது. காரணம் சொல்லச் சொல்லப் பேச்சு வளர்கிறதேயன்றி முடிவதில்லை. இறுதியில் தாய் களைத்துப்போய்ப் "பார்க்கலாம் தம்பி" என்கிறார். ஊரில் எவரிடம் சொன்னாலும் அதற்கு 'வேண்டாம்' என்றே பொருள். அழைத்தவரோ குறிப்பேட்டில் 'விருப்பம் உண்டு, மீண்டும் அழைக்க' என்று எழுதிக்கொள்கிறார்.

ஆயினும் அத்தாய் ஏன் தொலைபேசியை வைத்துவிடவில்லை? வெட்கமும் இரக்கமும் மட்டும் காரணமல்ல. 'நாம்தானே முதலில் கேட்டோம்' என்னும் எண்ணம் அவரைக் கட்டிப்போடுகிறது. இவ்வெண்ணத்தின் வலிமையை அமெரிக்க உளவியலாளர்களான பிரீட்மேன், பிரேசர் ஆகிய இருவர் 1966இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது. அவர்கள் கலிபோர்னியாவில் இல்லத்தரசிகள் சிலரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் பயன்படுத்தும் சவர்க்காரம் பற்றிச் சில எளிய வினாக்களுக்கு விடை பெற்றனர். மூன்று நாள் கழித்து மீண்டும் அழைத்து, ஐந்தாறு ஆடவர் வீட்டுக்குள் வந்து இரண்டு மணி நேரம் அலமாரிகளைத் திறந்து பொருள்களைக் கணக்கெடுக்க இசைவு வேண்டினர். முன்னர் விடையளித்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தனர். முன்னழைப்பு ஏதுமின்றி நேராகப் பெரிய வேண்டுகோளைக் கேட்டவருள் இசைந்தோர் கால் பங்குக்கும் குறைவு. சிறிய தொடர்பு ஒன்று பெரிய இசைவுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதே கண்டது. விலை கேட்டவரிடம் முதலில் எண்ணைக் கேட்டு வாங்கும் வணிகர் இவ்வாய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை, அனுபவமே போதும்.

இனி மறுதரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். கேட்பவர்க்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இல்லை என்றே நம் சந்தை வழக்கம் சொல்கிறது. காலையில் கடை திறந்தவுடன், வாங்கும் எண்ணமே இல்லாமல் விலை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறவரை வியாபாரி முகஞ்சுளித்துப் பார்ப்பார். 'இன்னும் போணி ஆகவில்லை' என்பார். மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அதனுள் ஒரு நியாயம் இருக்கிறது. விலை சொல்வதும் ஓர் உழைப்பு. அவ்வுழைப்பை வீணாக்குபவர் சிறிதளவேனும் பிறர் பொழுதைத் தின்கிறார். சிற்றேடு கேட்பவரும் அவ்வாறே. கேட்டதற்கு ஈடாக அவர் தர வேண்டியது ஒன்று உண்டு. தம் முடிவைத் தெளிவாகவும் விரைவாகவும் தெரிவிப்பதே அது. அதற்குமேல் எதுவும் இல்லை. போணிக்காக முகஞ்சுளிக்கும் வியாபாரியும் விலை கேட்டவரின் பின்னாலேயே வீடுவரை நடந்து வருவதில்லை.

ஒருகாலத்தில் தோட்டப்புறங்களுக்கு மிதிவண்டியில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த வியாபாரிகளும் வற்புறுத்தியவர்களே. தீபாவளி நெருங்கும்போது அவர்கள் சேலையை விரித்துக் காட்டிவிட்டு எளிதில் மடிக்க மாட்டார்கள். தவணைக்குக் கொடுத்துக் கடனில் மாட்டிவிட்டவர்களும் அவர்களுள் உண்டு. ஆதலால் பழைய காலம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. எனினும் அந்த வியாபாரி வாசலில் நின்றார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை அவர் கண்டார். அடுப்பு எரியாததைக் கண்டார். கண்டபின் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார். அவர் அடுத்த மாதமும் அதே வாசலுக்கு வந்தாக வேண்டியவர். வள்ளுவர் கண்ணோட்டம் என்று ஒரு பண்புக்கு அதிகாரம் வகுத்தார். கண்ணால் பார்ப்பதில் பிறக்கும் இரக்கம் என்பதை அச்சொல்லே காட்டுகிறது. தொலைபேசியில் கண் இல்லை. அங்கே பேசுபவர் காண்பதெல்லாம் ஒரு பெயரும் எண்ணும், அன்றைக்கு அவர் முடிக்க வேண்டிய அழைப்புகளின் பட்டியலும்தாம்.

அந்த இளைஞரும் இரக்கத்துக்கு உரியவரே என்பதை மறந்துவிடலாகாது. அவரும் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருக்கக்கூடும். இந்த மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்னும் இலக்கு அவர் தலைக்குமேல் தொங்குகிறது. அவரை ஏசிவிட்டுத் தொலைபேசியை வைப்பவர்கள், சினத்தை அதற்குரியவர்மேல் காட்டவில்லை. அழைக்கும் முறையை வகுத்தவர் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறார். ஏச்சு கேட்பவரோ அவருக்காக வாய் கொடுத்தவர்.

ஏசத் துணியாதவர்கள் வேறொரு வழியை நாடுகின்றனர். தொலைபேசி ஒலிக்கிறது, தாய் எண்ணைப் பார்க்கிறார், மூன்றாம் வகுப்பில் படிக்கும் கடைக்குட்டியின் கையில் அதைக் கொடுத்து, "அம்மா வீட்டில் இல்லை என்று சொல்" என்கிறார். பிள்ளை சொல்கிறான். முதல்முறை தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். நான்காம் முறை பார்க்காமலே சொல்கிறான். ஆசிரியர்கள் இதைச் சிறிய செய்தியாகக் கொள்ள முடியாது. நன்னெறிக் கல்வியில் வாரந்தோறும் வாய்மையைப் போதித்துவிட்டு வீட்டில் இப்பயிற்சி நடப்பதைக் கண்டுகொள்ளாதிருப்பது எங்ஙனம்?

பொய்யைப் பற்றிய ஆராய்ச்சியில் இரு துருவங்கள் உண்டு. செர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரன் வாசலில் நின்று நம் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். வள்ளுவரோ அவ்வளவு இறுக்கம் காட்டவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் தகுதியைப் பெறும் என இடம் கொடுத்தார். காண்டின் கோட்பாடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்று பலரும் கருதுவர். வாசலில் நிற்பவன் கொலைகாரனாயின் வள்ளுவர் பக்கம் நிற்பதே மனிதத்தன்மை. ஆனால் தொலைபேசியில் இருப்பவர் கொலைகாரர் அல்லர். 'அம்மா வீட்டில் இல்லை' என்பதால் யாருக்கு என்ன நன்மை? அழைத்தவர்க்கு இல்லை; அவர் மாலையில் மீண்டும் அழைத்துத் தம் பொழுதை வீணாக்குவார். தாய்க்கும் இல்லை, அழைப்பு ஓயவில்லை. பிள்ளைக்கோ நட்டம். கடுமையான காண்டு ஏற்காத இப்பொய்யை, நெகிழ்ந்து கொடுத்த வள்ளுவரும் ஏற்க வழியில்லை.

சட்டம் இதில் கைகொடுக்காமல் இல்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நேரடி விற்பனை நோக்கத்துக்குத் தம் விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்துவழிக் கேட்கும் உரிமையை அதன் 43ஆம் பிரிவு ஒவ்வொருவர்க்கும் அளிக்கிறது. சிங்கப்பூரில் 2014 சனவரி 2 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு இயங்குகிறது. அதில் பதிந்த எண்ணுக்கு விற்பனை அழைப்பு விடுத்தல் சட்டத்துக்குப் புறம்பானது. ஆயினும் எண்ணுக்குரியவர் தெளிவாக இசைவு தந்திருந்தால் அழைக்கலாம் என்னும் விலக்கு அங்கே உண்டு. ஆக, சட்டமும் சுற்றிச் சுற்றி நன்னூலாரின் இடத்துக்கே வந்து நிற்கிறது: கேட்டவர் எதற்கு இசைந்தார்? படிவத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்ட வாசகத்துக்கு அருகே ஒரு கட்டத்தில் குறியிட்டதனால், நாள்தோறும் அழைக்கப்படுவதற்கு ஒரு பதினேழு வயதுப் பெண் மனமொப்பி இசைந்தாள் என்று சொல்ல எந்த நியாயவானுக்கு நாவெழும்? இசைவு என்பது கேட்ட பொருளின் அளவினதே. தண்ணீர் கேட்டவர் விருந்துக்கு இசைந்தவர் ஆகார்.

(தமிழ் வகுப்புகளில் அலுவல் கடிதம் எழுதும் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. குப்பை அள்ளப்படாமை பற்றி நகராண்மைக் கழகத்துக்கும், நூல்கள் வேண்டிப் பதிப்பகத்துக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதிக் குவிக்கின்றனர். 'என்னை இனி அழைக்க வேண்டா' என்று ஒரு நிறுவனத்துக்கு எழுதும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் பாடத்திட்டம் இடிந்து விழுந்துவிடாது.)

இவ்வழைப்புகளால் விளையும் தீங்கு இழந்த பொழுதோடு நிற்பதில்லை. அறிமுகமற்ற எண் என்றாலே மக்கள் எடுக்க அஞ்சுகின்றனர். விற்பனை அழைப்புகளோடு மோசடி அழைப்புகளும் பெருகி, அவற்றுக்கென 997 என்னும் அவசர எண்ணை 2022இல் மலேசியா அமைக்க நேர்ந்ததை அனைவரும் அறிவர். இதன் விளைவைப் பள்ளி அலுவலகங்கள் அன்றாடம் காண்கின்றன. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அலுவலகத்திலிருந்து பெற்றோரை அழைக்கின்றனர். தொலைபேசி ஒலித்து ஒலித்து ஓய்கிறது. வேலையிடத்தில் தாய் எண்ணைப் பார்த்துவிட்டு, 'அந்தக் கல்லூரிக்காரர்களாக இருக்கும்' என்று கவிழ்த்து வைத்துவிடுகிறார். விற்பவர் விடாமல் தட்டியதால் உதவிக்கு வந்தவருக்கும் கதவு அடைபட்டுப்போகிறது.

அதனினும் ஆழமான தீங்கு ஒன்றுண்டு. கெடாவின் அச்சிற்றூர்ப் பெண் இரண்டாவது கல்லூரி ஒன்றின் பயிற்சியைப் பற்றியும் அறிய விரும்புகிறாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அறிவுடைமை. ஆசிரியர்கள் அவளுக்குக் கற்பித்ததும் அதுவே. தாய் தடுக்கிறார்: "கேட்காதே. கேட்டால் விடமாட்டார்கள்." கேள்வி கேட்கப் பழக்குவதற்காகவே பள்ளிக்கூடங்கள் பதினோராண்டு பாடுபடுகின்றன. வகுப்பில் வாய் திறவாத பிள்ளையைக் கண்டு ஆசிரியர் கவலைப்படுகிறார். அப்பாடு முழுவதையும் ஒரு கல்லூரியின் இருபது அழைப்புகள் அழித்துவிடுகின்றன. வசதி படைத்த குடும்பத்துக்கு இஃது ஒரு பொருட்டன்று. விசாரித்துச் சொல்ல அவர்களுக்கு உறவினரும் நண்பரும் உண்டு. முன்னர் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத வீட்டுப் பிள்ளைக்குக் கேள்வி ஒன்றே கைம்முதல். அதைக் கேட்கவும் அஞ்சினால், முதலில் அழைத்தவர் சொன்னதையே நம்பிப் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட நேரும். விற்பவர் விரும்புவதும் அதுவேயன்றோ?

ஆதலின் மறுக்கும் கலையைப் பற்றிப் பேசுவது மரியாதை குறைந்த பேச்சாகாது. 'வேண்டாம்' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அது தனித்தே ஒரு வாக்கியம். காரணத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. காரணம் சொல்வது உறவினர்க்கும் நண்பர்க்கும் நாம் செலுத்தும் மரியாதை. விற்க வந்த அந்நியர் அதைப் பெறும் உரிமை உடையவர் அல்லர், பெற்றாலும் அதைப் பிடியாகவே பயன்படுத்துவார். நன்னூலார் வகுத்த ஐந்து குறிப்பு விடைகளும் குறிப்பறிவோர்க்கு உரியவை. குறிப்பறிய மறுப்போரிடம் மறை விடை ஒன்றே செல்லும். அதைச் சினமின்றிச் சொல்லலாம். 'தம்பி' என்றும் சொல்லலாம். ஒருவரை மூன்று வாரம் 'பார்க்கலாம்' என்று இழுத்தடிப்பதைவிட, அரை நிமிடத்தில் விடுவித்து அடுத்த எண்ணுக்கு அனுப்புவது அவருக்கும் செய்யும் உதவி. கண்ணோட்டம் என்பது இசைந்து கொடுப்பது மட்டுமன்று.

அந்த வீட்டில் அன்றிரவும் தொலைபேசி ஒலிக்கிறது. கடைக்குட்டி பழக்கத்தால் கை நீட்டுகிறான். தாய் கொடுக்கவில்லை. "எங்களுக்கு வேண்டாம் தம்பி. இனி அழைக்காதீர்கள்" என்கிறார். மறுமுனையில் தாளைப் புரட்டும் ஓசை கேட்கிறது. ஏன் என்று கேட்கிறார் இளைஞர். "வேண்டாம்" என்கிறார் தாய் மீண்டும். சற்று நேரம் பேச்சில்லை. "சரி ஆண்ட்டி" என்று குரல் ஓய்கிறது. அழைப்பு அத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. நாளை வேறொருவர் வேறோர் எண்ணிலிருந்து தொடங்கக்கூடும். மகள் மேசையில் இரண்டாவது கல்லூரியின் படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். தன் பெயரை நிரப்பிவிட்டுத் தொலைபேசி எண்ணுக்குரிய கட்டத்தில் நிறுத்தித் தாயைப் பார்க்கிறாள். தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அருகில் அமர்கிறார். அடியிலுள்ள சிறிய எழுத்தை உரக்கப் படிக்கச் சொல்கிறார்.